கிணற்றடியில் அம்மாவைக் கூப்பிட்டோம்

விருத்தாசலம்
18.6.1990

அன்புள்ள மகேஸ்வரி அக்காவுக்கு,

லேகா எழுதுகிறேன். நீ போளூருக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அப்பா சூளை வேலை முடிந்து வருகிறார், குடித்திருந்தால் படுக்கிறார், குடிக்காவிட்டால் என்மேல் எரிந்து விழுகிறார். நான் காலையில் பீங்கான் கம்பெனிக்குப் போய், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்து அச்சுக் கோட்டை அழிக்கிறேன். சாயந்திரம் வரும்போது பக்கத்து ஆஸ்பத்திரிக்குள் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் கல்யாணத்து மேளத்தை அம்மா முழுக்கக் கேட்டிருக்கிறாள். மதில் சுவர்தானே நடுவில். "மாப்புள தாலி கட்டுறப்ப கெட்டி மேளம் கொஞ்சம் லேட்டா அடிச்சாங்களே, ஏன்?" என்று என்னைக் கேட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார் "அம்மா எங்க?" என்று கேட்டார்கள். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "தவறிட்டாங்க" என்றார். நீ காபித் தட்டோடு நின்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ தட்டைப் பார்த்தாய். பைத்தியம் பிடித்த அம்மா இருக்கிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா? அப்பா அவளைப் போட்டு அடிக்கும்போது அவள் கத்தினால், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் "ஆஸ்பத்திரியில ஏதோ கேஸு கத்துது" என்பார்கள். நம் வீட்டுச் சத்தமெல்லாம் பக்கத்து வீட்டுக் கணக்கில்தான் போனது. ஸ்கூல் டீச்சர் கேட்டபோது நாமும் அப்படித்தானே சொன்னோம். கடைசியில் அவள் பேச்சை விட்டு, சோற்றை விட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது அப்பா கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். வண்டிகூட வேண்டியிருக்கவில்லை.

இப்போது எழுதவந்த விஷயம் இதுதான். அம்மாவுக்குக் குணமாகிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஒழுங்காக மாத்திரை கொடுத்தால் போதும் என்று டாக்டர் சொல்கிறார். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறார். நீ அவருக்கு எழுது. நீ சொன்னால் கேட்பார்.

உன் தங்கை
சந்திரலேகா


போளூர்
9.7.1990

அன்புத் தங்கை லேகாவுக்கு,

உன் கடிதத்தை இவரே தபால்காரரிடமிருந்து வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பிரிக்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் பிரித்திருந்தால்? இனிமேல் வீட்டு முகவரிக்கு அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. நான் தையல் படிக்கப் போகிறேன். டீச்சர் முகவரியைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு எழுது. படித்ததும் அங்கேயே அடுப்பில் போட்டுவிடுவேன்.

என் மாமியார் வீராயி அத்தை என்னைப் பெற்ற பெண் மாதிரி பார்க்கிறார்கள். இவர் கண்டக்டர் வேலை முடிந்து வர நேரமானால் எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறார்கள். "தாயில்லாப் புள்ள" என்று எல்லாரிடமும் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். கல்யாணப் பெட்டியில் அம்மா போட்டோ இருந்ததைப் பார்த்து, அத்தையே சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். நான் விளக்கேற்றிக் கும்பிட வேண்டும். லேகா, நான் கும்பிடுகிறேன்.

அப்பாவுக்கு எழுதுகிறேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி அவர் என் பேச்சைக் கேட்கிறவர் இல்லை. நான் அவரிடம் அதிகம் பேசியதில்லை, அதனால் உனக்கு அப்படித் தோன்றுகிறது.

தட்டைத்தான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். வேறு எங்கே பார்க்கச் சொல்கிறாய்?

உன் அக்கா
மகேஸ்வரி


விருத்தாசலம்
2.11.1990

அக்கா,

நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. படித்துவிட்டு அலமாரி மேல் போட்டார், அவ்வளவுதான்.

அதனால் தீபாவளிக்கு நானே கையெழுத்துப் போட்டு அம்மாவைக் கூட்டி வந்தேன். எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். நன்றாகத்தான் பேசினாள். அடுப்பில் வடையைப் போட்டுவிட்டு நான் பஜாருக்குப் போக, அவளே எடுத்து வைத்திருந்தாள், ஒன்றுகூடத் தீயவில்லை. அப்பா வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. வாசலிலேயே நின்று, "இது இங்க இருந்தா சின்னது கல்யாணம் நடக்காது, பெரியது வாழாது. யோசிச்சுப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அவர் குடிக்காமல் இருந்தார் என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு மறுநாள் காலை நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது அம்மாவும் கிளம்பி நின்றாள். "வுட்டுட்டு வா லேகா. அங்க எனக்கு ஒண்ணும் கொறையில்ல. பாஞ்சாலை நல்லா பாத்துக்குது" என்றாள். பாஞ்சாலை என்பவள் அங்கே வேலை செய்கிற ஆயா. நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத் துடைத்த பொம்மையில் பாதி உடைந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

உன் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. பெரியம்மா என்று சொல்லியாவது கூட்டிப்போகக் கூடாதா?

லேகா


போளூர்
20.8.1991

அன்புள்ள லேகா,

உன்னைப் போலவே நானும் கோபப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தப்பு. மாட்டியிருக்கிற போட்டோவில் உள்ள முகத்தோடு ஒரு பெரியம்மாவை எப்படிக் கூட்டி வருவேன்? நீயே சொல்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. பொறுமையாகப் படி. அத்தையின் தங்கை மகன் ராஜா, ராணிப்பேட்டையில் பீங்கான் கம்பெனியில் வேலை. என் கல்யாணத்தில் உன்னைப் பார்த்திருக்கிறார். உன்னைத்தான் கேட்கிறார்கள். அவர் அங்கே தனியாக வீடு எடுத்திருக்கிறார், அவர் அம்மா செங்கம் ஊரிலேயே இருக்கிறார்கள். நீ அங்கே போய் நிலைத்தால், கொஞ்ச நாளில் அவரிடம் பக்குவமாகச் சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த ஊரில் போட்டோ இல்லை. அம்மாவைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அம்மா வெளியே வர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நிச்சயத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார்கள். சுமங்கலியாகச் செத்தவர்களைக் கூப்பிட்டுப் புடவை வைத்துக் கும்பிடாமல் அவர்கள் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. என் கல்யாணத்தில் அது விட்டுப்போனதால்தான் எனக்கு இன்னும் குழந்தை தங்கவில்லை என்று அவர்களுக்கு எண்ணம். பெண் வீட்டில் யார் செத்தது? அம்மாதானே. அப்பா சரி என்று எழுதிவிட்டார்.

நீ மறுத்தால் எல்லாம் வெளியே வரும். உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மகேஸ்வரி


விருத்தாசலம்
4.9.1991

அக்கா,

சரி.

அம்மாவிடம் ராணிப்பேட்டை என்று மட்டும் சொன்னேன். "கூட்டிட்டுப் போவியா, நெசமாவா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் கேட்கிறாள். பாஞ்சாலையிடம் சொல்லி ஒரு துணிப்பை வாங்கி வைத்திருக்கிறாள். ராஜாவோ கீஜாவோ, எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா வெளியே வந்தால் போதும்.

லேகா


போளூர்
14.11.1991

அன்புள்ள லேகா,

எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். இந்த முறை பஸ்ஸில் போகவே கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால் நிச்சயத்துக்கு நான் வர முடியாது. வாந்தியும் நிற்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது. நீ ஒருத்தியே அதைச் செய்யப் போகிறாய் என்று நினைக்கும்போது அழுகையும் வருகிறது. படையலை வீட்டுக்குள்ளேயே முடிக்கப் பார். அம்மா காதில் ஒன்றும் விழ வேண்டாம்.

மகேஸ்வரி


விருத்தாசலம்
30.11.1991

அக்கா,

நிச்சயம் முடிந்தது. தை மாதத்தில் கல்யாணம். ராஜா அதிகம் பேசவில்லை, நல்லவர் மாதிரிதான் இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தைக் கேள்.

வீட்டுக்குள் முடிக்க முடியவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்துதான் பூவாடைக்காரியைக் கூப்பிட்டு வரவேண்டுமாம். உன் மாமியார் ஆற்றுக்குப் போகலாம் என்றார்கள், அப்பா தூரம் என்று சொல்லிக் கிணற்றடியைக் காட்டினார். நம் கிணறு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மதிலை ஒட்டி. அந்தப் பக்கம் அம்மா வார்டு.

விளக்கு வைக்கிற நேரம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பழமலை என்று ஒரு பம்பைக்காரர் வந்திருந்தார். கலசத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, கல்யாணம் ஆகாத பெண் என்று என் தலையில் வைத்தார்கள். அவர் பம்பையை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"சாவித்திரித் தாயே, வூடு வந்து சேரும்மா. பெத்த பொண்ணுக்கு நல்ல காரியம் நடக்குது. கோவம் இருந்தா வுட்டுட்டு வாம்மா."

கலசத்துப் பூ தானாகக் கீழே விழுந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். பூ விழவில்லை. எப்படி விழும்? அவள் உயிரோடு இருக்கிறாள். அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அப்போதும் விழவில்லை. உன் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "மனசு நொந்து போன ஆத்மா போலிருக்குது. சும்மா வராது. இன்னும் நல்லா கூப்புடுங்க" என்றார்கள். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர். நம் அம்மாவுக்காக அன்றைக்கு அழுத ஒரே ஆள் உன் மாமியார்தான் அக்கா. அப்பா மதில் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

அந்த ஆள் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். "சாவித்திரி, சாவித்திரி, வூட்டுக்கு வா." எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நான்தான் தலையைச் சாய்த்துப் பூவைத் தள்ளிவிட்டேன். அப்போதுதான் நிறுத்தினார்கள்.

மறுநாள் நிச்சயத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாஞ்சாலை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா நேத்து சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டு கேட்டாண்ட வந்து உக்காந்துக்குச்சும்மா. என் பேரச் சொல்லி வூட்டுல கூப்புடுறாங்க, கேட்டத் தொறங்கன்னு சொல்லுது. எழுந்திரிக்கவே மாட்டேன்னுடுச்சு. டாக்டரு வந்து பேசித்தான் உள்ள கூட்டிப் போனோம்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை பக்கத்தில் இருந்தது.

"அத்தினி தடவ கூப்புட்டாங்களே லேகா. உங்கப்பா ஒரு நாளும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல."

"பம்பைச் சத்தம் கேக்கலயாம்மா?"

"கேட்டுது. யாருக்கோ படைக்கிறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் என் பேரு வந்துது. படைக்கிறது வேற எங்கியோ, கூப்புடுறது நம்ம வூட்டுலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. யாருக்கு மூளை சரியில்லை என்று அங்கே அடைத்து வைத்திருக்கிறோமோ அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பொடவ என்ன கலரு?" என்று கேட்டாள்.

"அரக்கு."

"நல்லாருக்கும். நீ கட்டிக்கோ. படைச்ச பொடவய வூட்டுப் பொண்ணுதான் கட்டணும்."

ராணிப்பேட்டையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னாலும் பார்க்கலாம் என்கிறாள்.

லேகா


போளூர்
9.12.1991

லேகா,

உன் கடிதத்தைத் தையல் டீச்சர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து படித்தேன். முழுக்கப் படிக்க முடியவில்லை. அம்மா பையோடு கேட்டில் வந்து உட்கார்ந்ததுவரை படித்து, அடுப்பில் போட்டுவிட்டு, பிறகு மீதியைப் படிக்கவில்லையே என்று அழுதேன்.

அத்தை ஊரிலிருந்து வந்ததும், "உங்கம்மா கோவமா இருந்தாங்க மகேஸு. ஆனா கடைசியில வந்துட்டாங்க. இனிமே உனக்குக் கொறையில்ல" என்று என் வயிற்றில் திருநீறு பூசினார்கள்.

அம்மாவிடம் சொல், கல்யாணம் ஆன மறுமாதமே நீ கூட்டிப் போவாய் என்று. நான் சொன்னதாகச் சொல். குழந்தை பிறந்ததும் ராணிப்பேட்டைக்கு வந்து அவள் மடியில் போடுவேன் என்று சொல். அவள் நம்ப வேண்டும். சாப்பிடுகிறாளா? அதை மட்டும் உடனே எழுது.

மகேஸ்வரி


விருத்தாசலம்
6.1.1992

அக்கா,

உட்கார்ந்து படி.

அம்மா போய்விட்டாள். போன செவ்வாய்க்கிழமை. நீ கேட்டிருந்தாயே, சாப்பிடுகிறாளா என்று. சரியாகச் சாப்பிடவில்லை. மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், நானும் பாஞ்சாலையும் கூட்டிப் போனோம். போய்ச் சேர்ந்தபோதே நினைவில்லை. நீ சொன்னதை அதற்கு முந்தின வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். "மடியில போடுவாளாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது, நம்பினாள் என்று வைத்துக்கொள்.

வீட்டுக்குக் கொண்டுவர அப்பா விடவில்லை. அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு. பறை இல்லை, பந்தல் இல்லை. உனக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு எத்தினி தடவ எழவு சொல்றது?" என்றார். தீட்டு இல்லையாம், கருமாதி இல்லையாம். எல்லாருக்கும் அவள் எப்போதோ செத்தவள். தையில் குறித்த தேதியில் கல்யாணம் நடக்கும் என்கிறார்.

நான் யாருக்காக அந்தக் கலசத்தைத் தூக்கினேன்? அவளை வெளியே கொண்டுவரத்தான். இப்போது ராணிப்பேட்டையில் எனக்கு என்ன வேலை?

நீ வராதே. வந்தால் என்ன சொல்லிக்கொண்டு வருவாய்?

லேகா


போளூர்
17.1.1992

லேகா,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் கிடைத்தது. படித்து, வழக்கம்போல அடுப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். நானும் சுவரைக் கழுவினேன். பொங்கல் அன்று புதுப்பானைக்கு மஞ்சள் கட்டினேன், பொங்கும்போது எல்லாரோடும் சேர்ந்து குலவை போட்டேன். அம்மா செத்த வீட்டுப் பெண் பொங்கல் வைக்கலாமா? நான் வைத்தேன்.

இலை போட்டு அம்மா போட்டோ முன்னால் பொங்கலை வைக்கும்போது என்னால் முடியவில்லை. அப்படியே தரையில் விழுந்து அழுதேன். அத்தை ஓடிவந்து என்னை மடியில் போட்டுக்கொண்டார்கள். "எத்தினி வருசமானா என்னாம்மா, பெத்தவ பெத்தவதான். வாயும் வயிறுமா இருக்கிறப்ப அம்மா நெனப்பு வராம இருக்குமா" என்று அவர்களும் அழுதார்கள். அந்த மடி எனக்கு வேண்டியிருந்தது லேகா. ஆனால் அந்த ஆறுதல் நிஜமான அம்மாவுக்கு இல்லை, பொய்யான அம்மாவுக்கு. அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எங்கம்மா செத்தது போன மாசம் அத்தை. மார்கழியில. அதுவரைக்கும் உயிரோடதான் இருந்தாங்க."

அவர்கள் கை என் தலைமேல் அப்படியே நின்றது. "அன்னிக்குப் பூ விழுந்துச்சே, நானே பாத்தனே" என்றார்கள். பூவைத் தங்கச்சிதான் தள்ளினாள் என்றேன். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்றேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது. கோபம் இல்லை. கோபம் என்றால் நான் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. மெதுவாக என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, இவரைக் கூப்பிட்டார்கள்.

இவர் மறுநாள் டெப்போவிலிருந்து அப்பா கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவங்கம்மா செத்து வருசமாச்சு மாப்ள. அந்த ஆஸ்பத்திரி பக்கத்துல வளந்த பொண்ணு, அதுங்க கத்துறதக் கேட்டுக் கேட்டு எதயாச்சும் சொல்லும். புள்ளத்தாச்சி வேற. நல்ல டாக்டராப் பாருங்க."

இவர் அதை என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். வேலூரில் இதற்கென்று நல்ல டாக்டர் இருக்கிறாராம், திங்கட்கிழமை போகலாமாம். நான் இல்லை என்று சத்தம் போட்டால் அது ஒரு அத்தாட்சி. சும்மா இருந்தால் அதுவும் ஒரு அத்தாட்சி. அத்தை எனக்குச் சோறு போடுகிறார்கள், பக்கத்தில் உட்காருவதில்லை. கத்தியை எடுத்து உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

நீ வா. கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறு. பாஞ்சாலை வருவாள் என்றால் அவளையும் கூட்டி வா. வந்து, சாவித்திரி மார்கழி வரைக்கும் உயிரோடு இருந்தாள் என்று இந்த வாசலில் நின்று சொல். சொன்னால் ராஜாவோடு உன் கல்யாணம் நின்றுவிடும், எனக்கும் இந்த வீட்டில் இடம் இருக்குமா என்று தெரியாது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

நான் இன்னும் அம்மாவுக்குத் தலை முழுகவில்லை.

மகேஸ்வரி